மழலை வளர்த்த மலைச்சரிவு

யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக்குழுவினர் கேட்டார்கள். கோயில் எழுந்த கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் வேறொன்றை எழுதித் தருகிறேன் என்றேன். நம் ஊர்க் குழந்தைகள் பேசக் கற்றுக்கொண்ட வரலாறு அது. "அதற்கும் ஒரு வரலாறா?" என்று குழுவில் ஒருவர் சிரித்தார். குழந்தை தானாகப் பேசிவிடும் என்றுதான் நாமெல்லாரும் நினைத்து வந்திருக்கிறோம். ஆனால் குழந்தை பேசுவதற்கு அதனோடு பேச ஒருவர் வேண்டும். போடிநாயக்கனூரிலும் மேலே ஏலமலைச் சரிவிலும் அந்த ஒருவர் யார் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

நம் முன்னோர் குழந்தையின் பேச்சைக் கவனியாமல் விட்டவர்கள் அல்லர். தாலாட்டு என்ற சொல்லையே பாருங்கள். தால் என்றால் நாக்கு. தாய் நாவை அசைத்து ஓசை எழுப்பி உறங்க வைப்பதால் அது தாலாட்டு ஆயிற்று என்பர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தது. ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஏழாம் மாதத்தில் தால், ஒன்பதில் கை கொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், ஓராண்டு கடந்ததும் தளர்நடையிட்டு வரச் சொல்லும் வருகை, பின்னர் நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி என்று அது போகிறது. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடும். எனினும் இன்று மருத்துவமனைச் சுவரில் தொங்கும் குழந்தை வளர்ச்சி அட்டையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும். நான் முக்கியமாகக் கருதுவது, எல்லாப் பருவத்திலும் பெரியவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதை. கை கொட்டு என்கிறார், முத்தம் தா என்கிறார், வா என்கிறார். சொல்லால் பதில் தர இயலாத வயதிலேயே அதனிடம் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

புலவர் பாடியதை விடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கடைசியில் நண்டு ஊர்ந்துபோய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை நம் பாட்டிமார் யாரிடமும் படித்துக் கற்கவில்லை. பத்தாம் முறை ஆடும்போது, நண்டு புறப்படுமுன்னரே குழந்தை தோளைச் சுருக்கிக்கொள்ளும். அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கத் தெரிந்துவிட்டது என்று பொருள். பேச்சில் பாதி அதுதான்.

பிள்ளைத்தமிழைச் சொன்னதால் ஒரு கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டினர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை அவர் பேசவில்லை என்பதும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றபோது பேச்சு வந்தது என்பதும் வழிவழிச் செய்தி. நம்பிக்கை ஊட்டும் கதை. ஆனால் எங்கள் வீட்டில் அது கெடுதலே செய்தது. என் தம்பிக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "அந்தப் புலவரே அஞ்சு வயசுலதான் பேசினாராம், இவனும் பேசுவான்" என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார். ஆண் பிள்ளை தாமதித்துத்தான் பேசும் என்றார் பெரியம்மா. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்கள். (இந்தக் காலத்து மருத்துவர்கள் வசம்பும் வேண்டாம், ஒரு வயது வரை தேனும் வேண்டாம் என்கிறார்கள்.) வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள். நேர்த்திக்கடனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு வெண்கலத் தட்டைத் தட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு வயதில்தான் அவனுக்குக் காது கேட்காது என்பது தெரிந்தது. அத்தனை பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீட்டில் அவனுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. திருமுழுக்கில் குரு முதலில் குழந்தையின் காதையும் அடுத்து வாயையும் தொட்டு ஜெபிக்கும் எப்பத்தாச் சடங்கைக் காணும்போதெல்லாம் அவன் நினைவு வரும். வரிசை சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி ஊருக்கு வருவோம். போடிக் குழந்தையின் காதில் விழும் மொழி என்றுமே ஒன்றாக இருந்ததில்லை. நாயக்கர் காலத்துத் தெலுங்கு இங்கே பல தெருக்களில் வீட்டு மொழி. கன்னடம் பேசும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும் உண்டு. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி போன்ற இடங்களில் முதுவர் வாழ்கின்றனர். மதுரையை விட்டு மலையேறியபோது முதுகில் சுமந்து சென்றதால் முதுவர் எனப் பெயர் வந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. ஆயினும் பாடப்புத்தகத் தமிழ் அன்று. போடிமெட்டைத் தாண்டினால் மலையாளம். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தாலும், எல்லாத் தோட்டத்துக் குழந்தைக்கும் அவை எட்டும் தூரத்தில் இல்லை. வீட்டில் தெலுங்கு, லயத்து வாசலில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று மூன்று மொழிகளை ஆறு வயதுக்குள் சந்தித்த பிள்ளைகளை நான் நன்கு அறிவேன். அவர்களில் ஒருவரும் ஊமையாகிப் போகவில்லை.

மலைக்கும் ஊருக்கும் இடையே போக்குவரவு பெருகியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மூணாறு பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே வெளியூர் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 2010-ஆம் ஆண்டின் முடிவில் அகலப்பாதைக்காக நின்ற அந்த ரயில் 2023-இல்தான் மறுபடி போடிக்கு வந்தது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. குழந்தைக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஏலக்காய்க்குப் பெண்களின் கை வேண்டும் என்பதுதான். காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரங்களில் பிடிக்கிறது. முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மாதம் ஒன்றோ ஒன்றரையோ சென்றதும் அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். குனிந்தும் குந்தியும் நாள் முழுதும் இதைச் செய்தவர்கள் தாய்மார்களே. லயத்தில் குடியிருந்தவர்கள் கைக்குழந்தையைக் காட்டுக்கே கொண்டு போய், நிழல்மரக் கிளையில் சேலைத் தூளி கட்டினார்கள். போடியிலிருந்து போனவர்கள் விடியுமுன் ஜீப் ஏறிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்று, பொழுது சாய்ந்து வீடு திரும்பினார்கள். அவர்கள் குழந்தைகள் பாட்டியிடம் வளர்ந்தார்கள். பாட்டி இல்லாத வீட்டில் எட்டு வயது அக்காளிடம் வளர்ந்தார்கள். அந்த அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

இவ்விடத்தில் நம் பக்கத்து மலையில் தங்கியிருந்த ஓர் அம்மையாரைக் குறிப்பிட வேண்டும். இத்தாலி நாட்டில் 1870-இல் பிறந்த மரியா மாண்டிசோரி, அடையாறு பிரம்மஞான சபையார் அழைப்பின் பேரில் 1939-இல் சென்னை வந்தார். உலகப்போரில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர்ந்ததால் அவர் நாட்டை விட்டு வெளியேற முடியவில்லை. 1942 முதல் ஏறத்தாழ இரண்டாண்டு கொடைக்கானலில் தங்கிச் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அவருக்குத் துணையாக இருந்தார். நேர்கோட்டில் அளந்தால் கொடைக்கானல் நமக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். பின்னர் அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-இல் அடையாற்றில் நூலாக வெளிவந்தன. பிறந்தது முதல் குழந்தையின் மனம் சுற்றியிருக்கும் மொழியைப் பஞ்சு நீரை உறிஞ்சுவது போல உறிஞ்சுகிறது என்பது அந்நூலின் சாரம். தாய் போகும் இடமெல்லாம் குழந்தையைத் தூக்கிச் செல்வதையும், கடைவீதியில் அவள் பேரம் பேசும்போதும் குழந்தை இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பதையும் அவர் பாராட்டி எழுதினார்.

அம்மையார் சொன்னது பெரிய உண்மை. ஆனால் அவர் பார்த்தது சந்தைக்குப் போகும் தாயை. ஏலக்காட்டுக்குப் போகும் தாயைப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். தூளியில் கிடக்கும் குழந்தையின் காதில் பெண்களின் பேச்சு நாளெல்லாம் விழுந்தது. ஆனால் அதன் முகத்தைப் பார்த்துப் பேசியவர் சோற்று நேரத்தில் மட்டுமே வந்தார். சுற்றி நடக்கும் பேச்சைக் காட்டிலும், தன்னை நோக்கிப் பேசப்பட்டுத் தான் எழுப்பும் ஓசைக்கும் மறுமொழி கிடைக்கும் பேச்சே குழந்தைக்குச் சொற்களைப் பெருக்கித் தருகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன.

சட்டமும் வந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அது முதலில் பெயர் சொன்னது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றையே. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஏலக்காயும் பெயரோடு சேர்ந்தது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்கள் வரம்புக்குள் வந்தன. அதற்கும் சிறிய ஏலத்தோட்டங்கள் நம் மலையில் ஏராளம். அவை வெளியே நின்றன. காப்பகத்துக்குப் போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம் வேண்டும் என்றும், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லியது. குழந்தையோடு பேச வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்லும்? நான் சிறுவனாக எட்டிப் பார்த்த ஒரு காப்பகத்தில் வரிசையாகத் தொட்டில்கள் இருந்தன. ஆயா நல்ல மனுஷி. பால் காய்ச்சவும் துணி அலசவுமே அவருக்குப் பொழுது போதவில்லை. சத்தம் இல்லாத காப்பகமே நல்ல காப்பகம் என்று மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கீழே ஊர்களில் கவலை முதலில் வயிற்றைப் பற்றியதாக இருந்தது, அது நியாயமும்கூட. அங்கன்வாடி என்ற பெயரில் அங்கணம், அதாவது வீட்டு முற்றம் இருக்கிறது. மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், பள்ளிக்கு வராத ஏழைக் குழந்தைகளின் முற்றத்துக்கே பாட்டையும் கதையையும் கொண்டு போன முயற்சியில் பிறந்த சொல் அது. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அச்சொல்லை நாடெங்கும் கொண்டு சென்றது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டம் ஒன்று கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்று கொட்டாம்பட்டியும் போடியும் ஒரே மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குத் தனி உணவு தந்தார்கள். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பாலர் மையங்களிலும் சோறு பொங்கியது. நம் ஊரில் அம்மையங்களுக்கு இன்றும் மக்கள் வைத்திருக்கும் பெயர் பால்வாடி. அங்கே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் பால்வாடிப் படி ஏறுவது இரண்டு வயதுக்குப் பிறகு. அதற்கு முந்திய மாதங்களில் தராசு மட்டுமே குழந்தையைப் பார்த்தது.

சோறு போதுமா என்ற கேள்விக்குப் பதில் கடல் கடந்து ஜமைக்காவிலிருந்து வந்தது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. சிலருக்கு உணவு தந்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதார ஊழியர் சென்று, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்கு ஒரு மணிநேரம் காட்டினார்கள். சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. 20 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, உணவினால் மட்டும் வந்த நன்மை நிலைக்கவில்லை. பேச்சும் விளையாட்டும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நம் நாட்டில் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையோடு பேசவும் விளையாடவும் அங்கன்வாடிகளுக்கென்று 'நவசேதனா' என்னும் வழிகாட்டியை அரசு வெளியிட்டது 2024-இல். காப்பகச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 73 ஆண்டுகள்.

எந்த மொழியில் பேசுவது என்று இளந்தாய்மார் கேட்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசினால் பிள்ளை குழம்பும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. இன்று தமிழ் பேசினாலே ஆங்கிலம் வராது என்று சொல்லப்படுகிறது. 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு உதவும். இந்தியில், நம் மொழியில் போலவே, நாக்கை மடித்துச் சொல்லும் டகரமும் பல்லைத் தொட்டுச் சொல்லும் தகரமும் உண்டு. ஆங்கிலேயர் காதுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் அவற்றைப் பிரித்தறிந்தன; பத்துப் பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறமை மங்கிவிட்டது. பேசத் தொடங்குமுன்னரே காது தன் மொழியைத் தேர்ந்துகொள்கிறது. (நம் பக்கம் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆவதற்குக் குழந்தையை அதட்டிப் பயனில்லை, நாம் சொன்னதைத்தான் அது சொல்கிறது.) இரண்டு மொழி கேட்கும் குழந்தை இரண்டையும் பிரித்துக் கற்கிறது. குழப்பம் நேர்வதைவிட, தாய் தனக்கு வராத மொழியில் நாலே சொல்லை வைத்துக்கொண்டு பேசுவதால் பேச்சே குறைந்துபோவதுதான் பெரிய இழப்பு. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தங்கள் மொழி பிள்ளைகளிடம் அழிந்து வருவதைக் கண்டு 1982-இல் 'மொழிக் கூடு' என்ற பெயரில் பாலர் பள்ளிகள் தொடங்கினார்கள். அங்கே முதல் ஆசிரியர்கள் பாட்டிமார். அதைப் படித்தபோது, நாம் ஜீப் ஏறிப் போன காலத்தில் நம் வீட்டுத் திண்ணைகளில் சம்பளம் இல்லாமல் நடந்தது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

என் தம்பியைப் போன்ற குழந்தைகளுக்கு இன்று வழி இருக்கிறது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சிறு குழந்தைகளைக் கைக்குழந்தையாகவே சேர்த்து, தாயையும் உடன் அமர்த்தி, செவிக்கருவியின் துணையோடு பேச்சுக்குப் பழக்குகிறது. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் காதும் பேச்சும் பரிசோதனைப் பட்டியலில் உள்ளன. உள்காதில் பொருத்தும் கருவிக்கான அறுவைச் சிகிச்சைக்கு மாநில அரசின் காப்பீட்டில் இடமுண்டு. ஆனால் அதற்கு வயது வரம்பு இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் பயனும் இருக்கிறது. ஓசை வரும் பக்கம் திரும்பாத குழந்தை, ஒரு வயதாகியும் ஒரு சொல்லும் மழலையும் இல்லாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாத குழந்தை, இவர்களை மருத்துவரிடம் காட்டக் காத்திருக்க வேண்டாம். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் மிகுந்த நம் பகுதியில் பிறவிச் செவிடு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

இன்று பாட்டியின் இடத்தில் கைப்பேசி வந்திருக்கிறது. அது ஓயாமல் பேசுகிறது. குழந்தை சொன்னதற்கு மறுமொழி சொல்வதில்லை.

மலையிலும் காட்சி மாறிவிட்டது. நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட, ஏலத்தோட்டத்து லயங்களில் இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் மக்கள் குடியிருக்கிறார்கள். தாயின் பேச்சு அக்கம்பக்கத்தில் எவருக்கும் புரியாது; பாட்டி ஆயிரம் மைலுக்கு அப்பால். நாம் மலையேறிய காலத்தில் நமக்கிருந்த தெருவும் திண்ணையும் அக்குழந்தைகளுக்கு இல்லை. அவர்களில் சிலர் ஞாயிறு பூசைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில் குழந்தையைச் சத்தம் போடாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற மாதம் அப்படி வந்த ஒரு பெண்ணின் மடியிலிருந்த பிள்ளையை, பூசை முடிந்ததும் நம் பங்கின் மூத்த பாட்டி ஒருவர் வாங்கி, அதன் கையை விரித்துப் பருப்புக் கடையத் தொடங்கிவிட்டார். அந்தத் தாய் முதலில் மிரண்டாள். பிறகு சிரித்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள். பிள்ளை இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது.

ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணிநேரம் மறைக்கல்வி அறையைத் தோட்டத்துக் கைக்குழந்தைகளுக்கும் அவர்கள் தாய்மாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று விழாக்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாய் இரண்டும் ஒரு தூளியும் போதும். பாட்டிமார் மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செவிப் பரிசோதனைக்கு ஆள் வரும் நாளைக் கேட்டுச் சொல்வதாக அங்கன்வாடி ஆசிரியையும் சொல்லியிருக்கிறார். நான்காவது பாட்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.